கண்மாய்க்கு ஒரு காலண்டர்

(உலக ஈரநில நாளையொட்டிச் சிவகாசியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் என்று யாராவது பேச வந்தால் இந்த ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்காருவார்கள். இப்போதும் சிலர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். காரணம் இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும், பேரியம் கூடாது, வெடிப்பது இரவு எட்டு மணியிலிருந்து பத்துவரைதான் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆபீஸ்கள், அதாவது ஆலைகள், மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலி இல்லாமல் எத்தனை வீடுகள் திண்டாடின என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ‘சூழல்’ என்று எவன் வாயெடுத்தாலும் அடுத்த தடைக்கு அடிபோடுகிறான் என்றுதான் தோன்றும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெடியை நிறுத்துங்கள் என்று கேட்க நான் வரவில்லை. கண்மாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காக யார் யார் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதைப் பற்றியும்.

‘நாராய் நாராய்’ பாடிய சத்திமுத்தப் புலவரை இழுக்காமல் தமிழ்நாட்டில் பறவைகளைப் பற்றிய கூட்டம் நடப்பதில்லை. இன்று அவருக்கு ஓய்வு கொடுப்போம்.

ஈரநில நாளின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1971 பிப்ரவரி 2 அன்று, ஈரானில் காஸ்பியன் கடலோரம் உள்ள ராம்சார் என்ற ஊரில் ஈரநிலங்களைக் காப்பதற்கான உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1982இல் சேர்ந்தது. 2022 வரை தமிழ்நாட்டில் அந்த உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் ஏறியிருந்த ஒரே இடம் கோடிக்கரை. பிறகு வேகம் பிடித்து, இன்று 20 இடங்கள். அவற்றில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று நான்கு கண்மாய்கள் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கின்றன. 1985 வரை நம் விருதுநகரும் அந்த மாவட்டம்தான். பாகம் பிரித்தபோது கிழக்கே போன பங்குக்கு இத்தனை பறவைக் கண்மாய்கள்; சிவகங்கைப் பங்குக்கு வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். நமக்கு மலையில் சாம்பல் நிற அணில் சரணாலயம் கிடைத்தது. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் வந்தது. சமவெளியில், இந்தக் கரிசலில், பறவைக்கென்று ஒரு சரணாலயமும் இல்லை.

உடனே சிலருக்கு, நாமும் ஒன்று கேட்டு மனுப் போடலாமே என்று தோன்றும். போடலாம். ஆனால் என் எண்ணம் வேறு. நம் மாவட்டத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் சிறியவை. ஒன்றின் கலுங்கு வழிந்து அடுத்ததற்குப் போகும் சங்கிலி. ஒரு மஞ்சள் மூக்கு நாரை ஒரு கண்மாயில் கூடு கட்டும். இரை தேடப் பல கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் போய்வரும். ஒரே ஒரு கண்மாயைச் சுற்றி வேலி போட்டுப் பலகை நட்டுவிட்டால், அந்தப் பறவையின் வீட்டில் படுக்கையறையை மட்டும் காப்பாற்றியதாக ஆகும். மீதி நூற்றுக்கணக்கான கண்மாய்களை என்ன செய்வது? அங்கெல்லாம் சட்டத்தைவிட உடன்பாடுதான் வேலை செய்யும்.

எந்தப் பறவைகளைப் பற்றிப் பேசுகிறோம்? இரண்டு வகை. ஒன்று, தூரதேசத்திலிருந்து வருபவை. சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை 30 நாடுகளுக்கு மேலே விரிந்து கிடக்கும் மத்திய ஆசியப் பறவைப் பாதையில் நாம் தெற்கு முனைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, பொரி உள்ளான் எல்லாம் ஐப்பசி கார்த்திகையில் வந்து பங்குனியில் திரும்பும். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வந்து திருநெல்வேலிக் கூந்தன்குளத்தில் இறங்குகிறது. நம் கரிசல் காட்டுச் சோளத்தில் புகை மண்டலம்போலச் சுழலும் சூறைக்குருவியும் மத்திய ஆசியக் குடிதான். இன்னொரு வகை, உள்நாட்டுக்குள்ளேயே மழையைத் தேடி இடம் மாறுபவை: கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். முதல் வகைக்கு இங்கே தீவனம் போதும். இரண்டாம் வகை இங்கேயே கூடு கட்டுகிறது. அதற்குத் தண்ணீர் நடுவே நிற்கும் மரம் வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உடன்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இப்போது கொள்ளுகுடிப்பட்டிக்குப் போவோம்.

மதுரையிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலைக்குப் பக்கத்தில் பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்ன கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி என்று மூன்று கண்மாய்கள். மூன்றும் சேர்ந்தே 38 ஹெக்டேர்தான். 1977இல் இவை வேட்டங்குடிச் சரணாலயம் ஆயின. அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கல்யாணம், கோயில் கொடை என்றாலும் வெடிச்சத்தத்தைத் தவிர்க்கிறார்கள். தீபாவளியை ஒட்டி வனத்துறை அதிகாரிகள் ஊருக்கு வந்து இனிப்புக் கொடுத்து நன்றி சொல்வது வழக்கமாகிவிட்டது. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இதே கதை. அங்கே மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூந்தன்குளத்தில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே நாரைகள் ஊருக்குள் வந்து வீட்டுவாசல் மரத்திலேயே கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்த பால்பாண்டியை ‘பறவை மனிதர்’ என்றே நாடு அறிந்தது.

ஆண்டுதோறும் தீபாவளி மலர்களில் இந்தச் செய்தி வரும். “பறவைகளுக்காக வெடியைத் துறந்த கிராமம்” என்று தலைப்புப் போட்டு அவர்களைத் தியாகிகளாக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தத் தலைப்பில் உடன்பாடில்லை. கிராமத்துக்காரர் கணக்குத் தெரியாதவர் அல்லர். ஆயிரக்கணக்கான பறவைகள் இரவும் பகலும் எச்சமிடும் தண்ணீர், மடை திறந்து வயலுக்குப் போகிறது. கோடையில் அந்த வண்டலை அள்ளி நிலத்தில் போடுகிறார்கள். உரக்கடைக்குக் கொடுக்கும் பணம் குறைகிறது. வேடந்தாங்கலில் இந்தக் கணக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் போய் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடமிருந்து எழுத்தில் ஆணை வாங்கினார்கள். விவசாயியும் கும்பெனிச் சர்க்காரும் பறவையின் பேரில் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. பாசம் இருந்திருக்கும்; பக்கத்திலேயே பலனும் இருந்தது. பலன் இல்லாத ஒப்பந்தம் இரண்டு தலைமுறை தாண்டாது.

கொள்ளுகுடிப்பட்டி வெடி வாங்காததால் சிவகாசியில் எந்த ஆபீசும் மூடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

சத்தம் பறவையை என்ன செய்கிறது? நெதர்லாந்தில் புத்தாண்டு இரவு 12 மணிக்கு ஊரே வெடி போடும். அப்போது என்ன நடக்கிறது என்பதை வானிலை ரேடாரில் பதிவு செய்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் இருட்டில் ஏறி, 500 மீட்டர் உயரம்வரை போய்ச் சுற்றின. அதிகம் எழும்பியது புல்வெளிகளிலிருந்தும் ஈரநிலங்களிலிருந்தும். குளிர்கால வாத்துக்கு இது வீண் அலைச்சல். திரும்பிப் போக வேண்டிய பயணத்துக்குச் சேர்த்து வைக்கும் கொழுப்பு கரைகிறது. கூட்டில் முட்டையோடு இருக்கும் நாரைக்கு இழப்பு இன்னும் நேரடியானது. அது எழுந்து போன நேரத்தில் காக்கை வரும், பருந்து வரும். பதறி எழும்போது குஞ்சு கீழே விழும். நம் தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருவதால், பறவைகள் கண்மாய்க்கு வந்து இடம் பார்க்கிற நேரமும் அதுவே.

இதெல்லாம் சரி. ஆனால் இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை தீபாவளி வெடி சின்னப் பிரச்சினை என்பதே என் எண்ணம். ஆண்டுக்கு ஓரிரு இரவு. இங்கே பறவைக் கண்மாய்களில் வெடி கேட்பது வேறு மாதத்தில், வேறு காரணத்துக்காக. மாசி பங்குனியில் தண்ணீர் இறங்கும். மீன் மேலே தெரியும். கூழைக்கடா கூட்டமாக வந்து இறங்கும். கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தவர் என்ன செய்வார்? ஏலத்தில் பணம் கட்டியிருக்கிறார், மீன்குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார், வட்டி ஓடுகிறது. வெடி போட்டு விரட்டுகிறார். அதே வாரங்களில்தான் மரத்தில் குஞ்சுகள் பாதி வளர்ந்து நிற்கும். பிறகு மீனை அரித்து எடுப்பதற்காகக் கடைசித் தண்ணீரையும் மடை திறந்தோ மோட்டார் வைத்தோ வெளியேற்றிவிடுவார். மரத்தின் அடியில் தண்ணீர் இல்லை என்றால் பூனையும் நாயும் அடிவரை வரலாம் என்பது நாரைக்குத் தெரியும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ மூன்று மாதம். இடையில் தண்ணீர் போனால் கூட்டைப் போட்டுவிட்டுப் போய்விடும்.

குத்தகைக்காரரை வில்லனாக்குவது எளிது. அவர் தன் ஒப்பந்தப்படிதான் நடக்கிறார். அந்த ஒப்பந்தத்தில் பறவை என்ற சொல்லே இல்லை.

ஒரு கண்மாய்க்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் தண்ணீரும் கரையும் மடையும் நீர்வளத் துறைக்கு. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. தண்ணீருக்குக் கீழே உள்ள நிலம் புறம்போக்கு, ஆகவே வருவாய்த் துறைக்கு. உள்வாயில் நிற்கிற கருவேலமரம் பல இடங்களில் வனத்துறைக்கு. மீன், ஏலம் எடுத்தவருக்கு. வண்டல் அள்ள வட்டாட்சியர் அனுமதி. ஆயக்கட்டு விவசாயிகளுக்குச் சங்கம். ஆடுமாடு மேய்க்கிறவருக்குக் காகிதமே இல்லாத உரிமை. இத்தனை பேரும் ஒரே தண்ணீரைச் சுற்றி நிற்கிறார்கள், ஆனால் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடியதே இல்லை. வனத்துறை மரத்தை வெட்ட ஏலம் விடுகிற மாதம் பறவை முட்டையிடுகிற மாதமாக இருக்கும். அது நீர்வளத் துறைக்குத் தெரியாது. குடிமராமத்து வேலைக்குப் பொக்லைன் வரும் நாள் வனத்துறைக்குத் தெரியாது.

அந்தக் கருவேலமரத்தின் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல ஆசை. 1981இல் தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கியது. நோக்கம் விறகு. கிராமத்துப் பெண்கள் காட்டுக்குப் போய் விறகு பொறுக்குவதைக் குறைக்க, கண்மாய் உள்வாய்களில் வரிசை வரிசையாக நாட்டுக்கருவேலை நட்டார்கள். வெட்டி விற்றால் ஊராட்சிக்கும் பங்கு. பறவையைப் பற்றி அந்தத் திட்டத்தில் யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். மரம் வளர்ந்தது, மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றது, முள் இருந்தது, கிளை விரிந்திருந்தது. நாரைக்கும் கொக்குக்கும் வேறென்ன வேண்டும்? பக்கத்துக் காஞ்சிரங்குளத்தையும் சித்திரங்குடியையும் ராம்சார் பட்டியலுக்குக் கொண்டுபோனதில் இந்தக் கருவேலங்களுக்குப் பெரிய பங்கு. சீமைக்கருவேலை ஒழிக்கிறோம் என்று இயந்திரம் இறங்கும்போது நாட்டுக்கருவேலும் சேர்ந்து போவதுண்டு. சீமைக்கருவேல் கண்மாயைக் கெடுக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கூடு இருக்கிற சீமைக்கருவேலைக் கூடு காலியாகும்வரை விட்டு, பதிலுக்கு நாட்டுக்கருவேல் வளர்ந்த பிறகு எடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

சட்டம் இதற்கெல்லாம் வழி செய்யாதா என்று கேட்கலாம். ராம்சார் உடன்படிக்கையின் விளக்கப்படி இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, தண்ணீர் நிற்கிற இடம் ஈரநிலம். ஆண்டில் சில மாதமே நீர் காணும் நம் கண்மாயும் அதில் அடங்கும். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ ஆற்றுப்படுகை, நெல்வயல் இவற்றோடு, பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளையும் விலக்கிவைக்கின்றன. நம் முன்னோர் எதற்காகக் கண்மாய் வெட்டினார்கள்? பாசனத்துக்கு. ஆக, இந்த மாவட்டத்தின் கண்மாய்களில் பெரும்பாலானவை அந்த விதிகளின் கண்ணில் ஈரநிலமே அல்ல. வேட்டங்குடியும் கூந்தன்குளமும் காட்டுயிர்ச் சட்டத்தின் கீழ்ச் சரணாலயம் ஆனதால் தப்பின. மற்றவற்றுக்கு மேலிருந்து குடை கிடையாது. நாமே கூடிப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எழுத வேண்டியது என்ன? தேதிகள். நான் சொல்வதெல்லாம் அவ்வளவுதான்: ஒவ்வொரு பறவைக் கண்மாய்க்கும் ஒரு காலண்டர். கார்த்திகையிலிருந்து வைகாசிவரை உள்வாயில் மரம் வெட்டுவதில்லை. மரம் எடுப்பது, வண்டல் அள்ளுவது, கரை கட்டுவது எல்லாம் ஆனி முதல் புரட்டாசிக்குள், அதுவும் கூட்டு மரங்களை அடையாளமிட்டு விட்டுவிட்டு. மீன்பிடியில், மரத்தொகுப்பைச் சுற்றி ஒரு பள்ளத்தை மட்டும் கடைசிவரை வற்றவிடாமல் வைப்பது. அந்தப் பள்ளத்தின் மீன் பறவைக்கு. அதற்கு ஈடாகக் குத்தகைக்காரருக்கு ஏலத்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது. அவரும் பதிலுக்கு வெடி போடுவதில்லை என்று கையெழுத்துப் போடுவது. ஊராட்சியின் வருமானத்தில் விழுகிற துண்டை வெளியிலிருந்து யாராவது நிரப்புவது.

அந்த ‘யாராவது’ என்ற இடத்தில்தான் சிவகாசி வருகிறது.

அமெரிக்காவில் 1930களில் பெரும் வறட்சி. சதுப்புகள் வற்றி வாத்துகள் அருகின. அப்போது முன்வந்தவர்கள் வாத்தைச் சுடுகிற வேட்டைக்காரர்களே. 1934இல் ஒரு சட்டம் வந்தது: நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிறவர் ஆண்டுதோறும் ஒரு டாலர் கொடுத்து ஒரு தபால்தலை வாங்க வேண்டும். முதல் தபால்தலையை வரைந்தவர் டார்லிங் என்ற பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். இன்றும் அதில் வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. 1937இல் அடுத்த சட்டம்: துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே திருப்பிவிட்டார்கள். வெடிமருந்து விற்ற பணத்தில் வாத்துக்குக் குளம். துப்பாக்கிக் கம்பெனிகள் அதை எதிர்க்கவில்லை. குளம் இல்லாவிட்டால் வாத்து இல்லை, வாத்து இல்லாவிட்டால் தோட்டா விற்காது என்ற கணக்கு அவர்களுக்கு விளங்கியது. 1986இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நீர்ப்பறவைகளுக்கென்று பெரிய திட்டம் போட்டபோது, அரசு, விவசாயி, வேட்டைக்காரர், கம்பெனி என்று வட்டாரம் வட்டாரமாகக் கூட்டமைப்புகள் உருவானதற்கு இந்தப் பழக்கம்தான் அடிப்படை.

வரி என்றதும் முன்வரிசையில் முகம் மாறுகிறது. வரி கேட்க வரவில்லை. கம்பெனிகள் சட்டம் 2013, 135ஆம் பிரிவின்படி நிகர லாபம் 5 கோடியை எட்டும் கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் கூட்டாக நடத்தும் பங்குதாரர் தொழில்களுக்கு அந்தச் சட்டம் கட்டாயம் இல்லை. இங்கே அப்படிப்பட்டவை ஏராளம் என்பதை அறிவேன். கட்டாயம் இல்லாத இடத்திலும் இந்தத் தொழிற்சமூகம் பள்ளியும் கல்லூரியும் கட்டியிருக்கிறது. உறவின்முறைக்குள் மகமை வைத்துப் பொதுக்காரியம் நடத்திய பழக்கம் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் யாரும் கற்றுத்தர வேண்டியதல்ல. ஒரு மீன்பள்ளத்துக்கான ஈட்டுத்தொகை ஒரு தீபாவளி ஆர்டரில் கழிவு போகும் பணத்தைவிடச் சின்னது.

தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே ஏன் வந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1922இல் இந்த ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை குறைந்த, வெயில் நிறைந்த ஊர் என்பதால் குச்சியும் மருந்தும் நன்றாகக் காய்ந்தன. விவசாயம் பொய்த்ததால் வேலைக்கு ஆள் கிடைத்தது. அதே குறைந்த மழைதான், ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர், அதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்னால் இங்குள்ளவர்களைக் கண்மாய் வெட்ட வைத்தது. பெய்கிற நாலு மழையைப் பிடித்து வைக்க வேறு வழி இல்லை. தீப்பெட்டி ஆபீசும் கண்மாயும் ஒரே வறட்சியின் பிள்ளைகள். இளையது செழித்தது, மூத்தது சீமைக்கருவேலும் சாக்கடையுமாய்க் கிடக்கிறது.

தொழில் நகரம் என்றால் பறவைக்கு இடமில்லை என்பதற்குத் திருப்பூர் பதில் சொல்லிவிட்டது. சாயக்கழிவுக்குப் பேர்போன ஊர். அங்கே நொய்யல் வடிநிலத்தில் நஞ்சராயன் குளம், ஏறத்தாழ 126 ஹெக்டேர். ஊர்ப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் பதிவெடுத்து, வனத்துறையிடம் கொண்டுபோய்க் கொடுத்து, 2022இல் அது மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது; 2024இல் ராம்சார் இடமும் ஆயிற்று. பனியன் நகரத்தால் முடிந்தது பட்டாசு நகரத்தால் முடியும்.

ஒரு கேள்வியை எதிர்பார்க்கிறேன். விபத்தில் ஆட்கள் கருகிச் சாகிற ஊரில் வாத்துக்கும் நாரைக்கும் வக்காலத்தா என்று. கோபம் நியாயமானது. பாதுகாப்புக்கும் நட்டஈட்டுக்கும் போக வேண்டிய காசில் ஒரு ரூபாயைக்கூட நான் பறவைக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த வெடிமருந்து அறையில் வேலை செய்கிற பெண் எங்கே குடியிருக்கிறார்? கண்மாய்க்கரையை ஒட்டிய ஏதோ ஒரு பட்டியில். வாரத்தில் ஆபீஸ் இல்லாத நாளில் நூறுநாள் வேலைக்கு வந்து வரத்துக் கால்வாய் வெட்டுகிறவரும் அவரே. கண்மாய் நிறைந்தால் அவர் ஊர்க் கிணறு ஊறும், வீட்டு ஆடு குடிக்கும். நாரை இறங்குகிற கண்மாய் என்றால் அதில் மீனும் நத்தையும் தவளையும் பிழைக்கிற தண்ணீர் இருக்கிறது என்று பொருள். கழிவு மருந்தையும் சாக்கடையையும் குப்பையையும் கண்மாயில் கொட்டாதே என்று சொல்ல அவருக்கும் பறவைக்கும் ஒரே காரணம். நம் கண்மாய்களில் வழிகிற நீர் அர்ச்சுனா நதியில் சேர்ந்து, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. 2022இலிருந்து அந்த வளைகுடாவும் ராம்சார் பட்டியலில் உண்டு. நாம் கலக்குகிற அழுக்கு நம் எல்லையோடு நிற்பதில்லை.

காலண்டர் போட முதலில் எந்தக் கண்மாயில் எந்தப் பறவை எப்போது என்று தெரிய வேண்டும். தெற்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011இலிருந்து ஆண்டுதோறும் தை மாதத்தில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி இயற்கைச் சங்கங்கள், கல்லூரி மாணவர்கள், ஊர்க்காரர்கள், வனத்துறை எல்லாரும் குளம் குளமாகப் பிரிந்து போய் எண்ணுகிறார்கள். தொடர்ந்து எண்ணினால்தான் எந்தக் குளத்தில் பறவை குறைகிறது, ஏன் குறைகிறது என்று அதிகாரியிடம் காகிதத்தோடு பேச முடியும். அதே ஆற்றங்கரையில் திருப்புடைமருதூர் மக்கள், கோயில் அருகே மருதமரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தாங்களே கேட்டு வாங்கினார்கள். 2005இல் அறிவிக்கப்பட்ட அது வெறும் 2.84 ஹெக்டேர், இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகம். சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்தில் பறவை பார்க்கும் இளைஞர்கள் இப்போதே இருக்கிறார்கள். வைப்பாற்று வடிநிலத்துக்கென்று ஒரு தைமாதக் கணக்கெடுப்பு தொடங்கப் பைனாகுலரும் பஸ் காசும் போதும்.

காலண்டர் என்று நான் உவமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுக்கச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர் இந்த ஊரில் அச்சாகிறது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு ஆல்பத்தைப் பூசை போட்டு வெளியிடுவது உங்கள் வழக்கம். ராகுகாலம், எமகண்டம், கௌரி பஞ்சாங்கம் எல்லாம் போடுகிற தாளில் ஊராட்சி அலுவலகத்துக்கும் மீன் குத்தகைக்காரருக்கும் பாசனச் சங்கத்துக்கும் என்று சில நூறு பிரதிகள் தனியாக அடித்து, இந்த மாதம் கூடு, இந்த மாதம் மரம் வெட்டாதே, இந்த மாதம் வண்டல் எடுக்கலாம் என்று போட எந்த அச்சகத்துக்கும் ஒரு நாள் வேலை. அரசாணை எட்டாத வீட்டுக்குள் காலண்டர் போய்விடும்.

வேலைகளின் வரிசை இப்படி வருகிறது. பல கண்மாய்களில் மீன்பாசிக் குத்தகை பசலிக் கணக்கு. ஜூலை 1இல் தொடங்குகிறது. ஏலம் முடிந்த பிறகு நிபந்தனை சேர்க்க முடியாது. ஆகவே அதற்கு முன்னாலேயே ஊராட்சி தீர்மானம் போட வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் அடுத்து வருவது மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று பேச இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடைக்காது. கூட்டு மரங்களுக்கு எண் போடுவது, வற்றவிடாத பள்ளத்தின் எல்லை, குத்தகைக்காரருக்கான ஈடு, அதை யார் தருவது, வேலைகள் நடக்கும் மாதங்கள்: ஐந்தும் அடங்கிய தீர்மான வாசகம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் பிரதிகள் இருக்கின்றன. ஈடு தருபவர் பெயருக்கான இடத்தைக் கோடிட்டு விட்டிருக்கிறேன். வார்டு உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை உரிமையாளர்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள். இப்போது கேள்விகள் கேட்கலாம். மீன் குத்தகை எடுத்தவர் யாராவது இங்கே இருந்தால் முதல் கேள்வி அவருடையது.